ஆனைமுடி சுமந்த பெயர்கள்

மூணாறு அருகே ராஜமலையில் வனத்துறைப் பேருந்தை விட்டு இறங்குகிறவர்கள் முதலில் தேடுவது ஆட்டைத்தான். அதிக நேரம் தேட வேண்டியிருக்காது. சாலையோரப் பாறையிலோ புல்சரிவிலோ வரையாடுகள் நின்றுகொண்டிருக்கும். ஆளைக் கண்டு மிரளாமல் மேய்ச்சலைத் தொடரும். கைபேசிகளெல்லாம் அந்தப் பக்கமே திரும்பும். படமெடுத்து ஓய்ந்த பிறகுதான் பலர் தலை நிமிர்ந்து பார்க்கிறார்கள். மஞ்சு விலகியிருந்தால் அங்கே ஒரு மத்தகம் தெரியும். புல்தரைக்கு மேலே புடைத்தெழுந்த பெரும் பாறைத் திரட்சி, ஆனை ஒன்று நெற்றியை நீட்டிப் படுத்திருப்பதுபோல. ஆனைமுடி என்ற பெயர் எப்படி வந்தது என்று யாரும் விளக்க வேண்டியதில்லை.

உயரம் 2,695 மீட்டர். மேற்குத் தொடர்ச்சி மலை முழுவதிலும் இதுவே தலை. இமயத்துக்குத் தெற்கே இந்திய நிலத்தில் இதற்கு மேல் உயரமான இடம் கிடையாது. உதகையின் தொட்டபெட்டா இதைவிட 58 மீட்டர் தாழ்ந்தது. ஆனைமுடியின் உச்சியில் நிற்கிற ஒருவர் அதைவிட உயரமான ஒரு மண்ணை மிதிக்க ஆசைப்பட்டால், வடக்கே 2,000 கிலோமீட்டருக்கு மேல் போய் இமயமலையில் கால் வைக்க வேண்டும். இப்படிப்பட்ட மலைக்கு வரைபடத்தில் எத்தனையோ பெயர்கள் ஒட்டிக்கொண்டன. மலையைச் சுற்றியுள்ள பீடபூமிக்கு ஓர் ஆங்கிலேயப் படை அதிகாரியின் பெயர், பள்ளத்தாக்குக்கு ஒரு தோட்டத்துரையின் பெயர், தேயிலைப் பொட்டலத்துக்கு இந்த மலையில் வாழ்ந்த உள்ளூர் மனிதரின் பெயர். அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் மலையின் இருநூறு ஆண்டுக் கதை கிடைக்கிறது. எந்தப் பெயர் வரைபடத்தில் ஏறியது, எது ஏறவில்லை என்பதும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான்.

வரைபடம் போட வந்த முதல் வெள்ளையர்கள் வார்டு, கானர் என்ற இரண்டு லெப்டினன்ட்டுகள். 1816 முதல் 1820 வரை திருவிதாங்கூர், கொச்சி சீமைகளை அளந்தவர்கள். அவர்களுடைய அளவைக் குழு இந்த மலைகளுக்குள்ளும் வந்தது. ஆனால் உச்சிக்கு ஏறியதாகப் பதிவு வைத்துச் சென்ற முதல் ஆள் டக்ளஸ் ஹாமில்டன். சென்னை ராணுவத்தின் அதிகாரி. துப்பாக்கியும் தூரிகையும் ஒரே கையில் பழகிய மனிதர். பழனிமலை, சேர்வராயன்மலை ஆகியவற்றைக் கோட்டோவியங்களாக வரைந்து வைத்தவர். தென்னாட்டு மலைகளில் வெள்ளையர் குடியேறத் தோதான பீடபூமிகள் எவை என்று பார்த்துச் சொல்லும் வேலை அவருக்கு இருந்தது. அந்த வேலையின் போக்கில் 1862இல் ஆனைமுடியில் ஏறினார். ஆனைமுடிக்கு வடக்கே விரிந்து கிடக்கும் எரவிகுளம் புல்வெளியைப் பிற்காலத்துத் துரைமார்கள் ஹாமில்டன் பீடபூமி என்றே அழைத்தார்கள்.

முதல் ஏற்றம் என்று புத்தகங்கள் சொல்லும்போது அதைப் பதிவான முதல் ஏற்றம் என்று திருத்திப் படிப்பதே நியாயம். மலைக்கு ஆனைமுடி என்று பெயர் வைத்தவர்கள் ஹாமில்டனுக்கு முன்பே அங்கே இருந்தார்கள். கூடாரமும் அரிசி மூட்டையும் தானாக மலை ஏறவில்லை. அவற்றைச் சுமந்தவர்களுக்கும் கால் இருந்தது, கண் இருந்தது. குறிப்பேடு மட்டும் இல்லை.

சுமப்பது என்றதும் இந்த மலையில் முதலில் நினைவுக்கு வர வேண்டியவர்கள் முதுவர்கள். அவர்களுடைய பெயரிலேயே சுமை இருக்கிறது. மதுரையை விட்டு மலைக்கு வந்தபோது தெய்வத்தை முதுகில் சுமந்து வந்ததால் முதுவர் ஆனார்கள் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவரும் கதை. பிள்ளைகளை முதுகில் கட்டிக்கொண்டு நடக்கும் வழக்கத்தாலும் அந்தப் பெயர் நிலைத்தது என்பார்கள். மதுரை எரிந்த காலத்தில் கிளம்பியதாகச் சொல்வோரும் உண்டு. அவர்கள் பேசுவது தமிழோடு நெருங்கிய பேச்சு. குடிகளாகக் கூடி வாழ்வார்கள். குடிக்கு ஒரு காணி. மணமாகாத பிள்ளைகள் இரவில் தங்கத் தனிச் சாவடி. இன்றைக்கும் ஆனைமுடியைச் சூழ்ந்த எரவிகுளம் தேசியப் பூங்காவின் எல்லைக்குள் லக்கம்குடி என்ற முதுவர் குடி இருக்கிறது.

மலைக்குக் கிழக்கே கொஞ்சம் இறங்கினால் வேறொரு மதுரைக் கதை. மறையூர், காந்தலூர், கீழாந்தூர், காரையூர், கொட்டகுடி என்ற ஐந்து ஊர்கள் சேர்ந்தது அஞ்சுநாடு. மதுரைச் சீமையில் அரசியல் கலங்கிய காலத்தில் மேற்கே நகர்ந்து வந்த வேளாளர்கள் உண்டாக்கிய ஊர்கள் என்பது அவர்களின் மரபு. அவர்களுக்கு முன்பும் இங்கே மனிதர்கள் வாழ்ந்தார்கள் என்பதற்கு மறையூர்ப் பாறைகளின் மேல் நிற்கும் கற்பதுக்கைகளே சாட்சி. ஊர்க்காரர்கள் அவற்றை முனியறை என்கிறார்கள். பெருங்கற்கால மக்கள் தங்கள் இறந்தோருக்கு எழுப்பியவை அவை.

ஆனைமுடியின் மேற்குச் சரிவில் தென்மேற்குப் பருவமழை கொட்டித் தீர்க்கிறது. பூங்காவின் சில பகுதிகளில் ஆண்டுக்கு ஏறக்குறைய 5,000 மில்லிமீட்டர் மழை. கிழக்கே, காகம் பறக்கும் தூரத்தில் இருக்கும் சின்னாறு முள்காடு; அங்கே 500 மில்லிமீட்டர் கிடைத்தாலே பெரிது. ஒரே மலை ஒரு பக்கத்தைச் சோலையாக்கி மறுபக்கத்தை மழைமறைவாக்கி வைத்திருக்கிறது. தண்ணீரையும் அப்படியே பங்கிடுகிறது. மேற்கே இறங்கும் ஓடைகள் பெரியாற்றில் கலந்து அரபிக் கடலுக்குப் போகின்றன. கிழக்கே இறங்குபவை பாம்பாறாகி, அமராவதியாகி, கரூர் தாண்டிக் காவிரியில் சேர்கின்றன. உடுமலைப் பக்கத்து வயலில் பாயும் நீரில் ஆனைமுடிச் சாரலின் மழையும் இருக்கிறது.

இந்த மலைகளின் உடைமை பூஞ்சாறு அரசரிடம் இருந்தது. பூஞ்சாறு அரச குடும்பம் தன்னைப் பாண்டியர் வழி என்று சொல்லிக்கொள்வது; மதுரை மீனாட்சியை அங்கேயும் கோயில் கட்டிக் கும்பிட்டது. மூன்றாவது முறையாக மதுரை வந்துவிட்டது என்று வாசகர் நினைக்கலாம். இந்த மலையில் எந்தக் கதையின் நூலைப் பிடித்து இழுத்தாலும் மறுமுனை மதுரையில் போய் முடிவது தற்செயல் இல்லை. அன்றைக்குப் பாதைகள் அப்படி. கொச்சிக்கு இறங்குவதைவிட, போடிக்கும் கம்பத்துக்கும் இறங்குவது எளிதாக இருந்தது.

1877 ஜூலை 11. அன்றைக்குத்தான் பூஞ்சாறு கேரளவர்ம ராஜா, ஜான் டேனியல் மன்ரோ என்ற ஆங்கிலேயருக்குக் கண்ணன் தேவன் மலைகளைச் சாசனம் எழுதிக் கொடுத்தார். மன்ரோ திருவிதாங்கூர் அரசின் கீழ் ஏலமலைப் பகுதியை நிர்வகித்தவர். பீர்மேடு பக்கம் தோட்டமும் வைத்திருந்தவர். அவருக்குக் கிடைத்தது ஒரு தோட்டம் அல்ல, மலைநாடு. முன்பணம் 5,000 ரூபாய், ஆண்டுக் குத்தகை 3,000 ரூபாய். ஆனைமுடியும் அந்தக் கணக்கில் அடங்கியது. அதே காலத்தில் வேட்டைக்கு வந்த ஹென்றி டர்னரும் அவருடைய தம்பியும் மன்ரோவோடு சேர்ந்தார்கள். 1879இல் வடதிருவிதாங்கூர் நிலத் தோட்ட வேளாண் சங்கம் என்ற அமைப்பை மன்ரோ தொடங்கினார். எரவிகுளத்தை வடமேற்கிலிருந்து தென்கிழக்காக இரண்டாகப் பிளந்து ஓடும் ஆழமான பள்ளத்துக்கு டர்னர் பள்ளத்தாக்கு என்ற பெயர் நிலைத்தது.

சாசனத்திலும் பிற்காலத்துத் தேயிலைப் பெட்டியிலும் இருக்கிற கண்ணன் தேவன் யார்? அஞ்சுநாட்டை ஆண்ட கண்ணன் தேவர் என்று ஒரு வழக்கு. முதுவர் தலைவர் என்று இன்னொன்று. கண்ணன், தேவன் என்ற இரண்டு வழிகாட்டிகள் என்று மூன்றாவதும் உண்டு. வழக்குகள் வேறுபடலாம். அந்த மலையைத் தம் வீடாகக் கொண்ட உள்ளூர் மனிதரின் பெயர் அது என்பதில் மூன்றும் ஒத்துப்போகின்றன. இத்தனை பெரிய மலைத்தொடரில் உள்ளூர் மனிதரின் பெயர் ஆவணத்தில் ஏறி, ஒரு கம்பெனிக்கும் பெயராகி, கோடிக்கணக்கான வீடுகளின் அடுப்படி வரைக்கும் வந்தது அந்த ஒருமுறைதான்.

தோட்டக்காரர்கள் முதலில் தேயிலையை நினைக்கவில்லை. காப்பி, சிங்கோனா என்று ஒவ்வொன்றாக நட்டுப் பார்த்தார்கள். சிங்கோனா மரப்பட்டையில் இருந்து எடுக்கும் கொயினா அன்றைக்கு மலேரியாவுக்கு மருந்து. நல்ல விலை போயிற்று. கடைசியில் இந்தக் குளிருக்கும் சாரலுக்கும் பொருந்தி நின்றது தேயிலைதான். 1890களில் ஃபின்லே முயர் நிறுவனம் உள்ளே வந்தது. 1897இல் கண்ணன் தேவன் ஹில்ஸ் புரொடியூஸ் கம்பெனி உருவானது. முதிரைப்புழை, நல்லதண்ணி, குண்டளை என்ற மூன்று ஆறுகள் கூடும் இடத்தில் மூணாறு ஊராக வளர்ந்தது.

காட்டை வெட்டி, குழி தோண்டி, செடி நட்டுக் கொழுந்து கிள்ளியவர்கள் தமிழர்கள். திருநெல்வேலி, மதுரைச் சீமைகளில் இருந்து கங்காணிகள் முன்பணம் கொடுத்து ஆள் சேர்த்தார்கள். பஞ்சமும் சாதிக் கொடுமையும் துரத்திய குடும்பங்கள் போடிக்கு வந்து, அதன் பக்கத்துக் கொட்டகுடியில் இருந்து மலை ஏறின. குழந்தைகள் தோளில், சட்டிபானை தலையில். பனியிலும் அட்டைக்கடியிலும் விஷக்காய்ச்சலிலும் எத்தனை பேர் மடிந்தார்கள் என்பதற்கு யாரும் கல் நடவில்லை. வெள்ளையர் கல்லறை ஒன்று மட்டும் மூணாறில் எல்லோருக்கும் தெரியும். 1894 டிசம்பரில், மலைக்கு வந்த கொஞ்ச நாளிலேயே காலராவில் இறந்த எலினார் இசபெல் மே என்ற இளம்பெண்ணுடையது. அவளைப் புதைத்த குன்றின் அடியில் பிற்பாடு ஒரு தேவாலயம் எழும்பியது. தேவாலயத்துக்கு முன்பே கல்லறைத் தோட்டம் வந்த ஊர் என்று மூணாறில் சொல்வார்கள். அவளுடைய கதை உருக்கமானதுதான். அதே காலராவில் போன கூலிப் பெண்களின் பெயர்களும் அந்தக் கதைக்குப் பக்கத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டியவை.

தேயிலையைக் கீழே இறக்குவது பெரும்பாடாக இருந்தது. 1902இல் மூணாறில் இருந்து டாப் ஸ்டேஷனுக்கு ஒற்றைத் தண்டவாளப் பாதை போட்டார்கள். வண்டியின் ஒரு சக்கரம் தண்டவாளத்தில் ஓடும், மறுபக்கத்துச் சக்கரம் சாலையில் உருளும், இழுத்தவை மாடுகள். 1908இல் அதை எடுத்துவிட்டு, இரண்டடி அகல ரயில் பாதை அமைத்தார்கள். நீராவி இன்ஜின் குண்டளைப் பள்ளத்தாக்கில் கூவிக்கொண்டு போயிற்று. டாப் ஸ்டேஷனில் இருந்து கொட்டகுடிக்குக் கம்பிவடத்தில் தேயிலைப் பெட்டிகள் தொங்கிக்கொண்டே இறங்கின. அங்கிருந்து போடி, பிறகு துறைமுகம்.

1924 ஜூலையில் எல்லாம் முடிந்தது. கொல்லம் ஆண்டு 1099 என்பதால் மலையாளிகள் அதைத் தொண்ணூற்றொன்பதாம் வெள்ளம் என்கிறார்கள். நாட்கணக்கில் நிற்காமல் பெய்த மழையில் மலைகள் சரிந்தன. தண்டவாளம் முறுக்கிய கம்பியாயிற்று. ரயில் மறுபடி வரவே இல்லை. மூணாறு ரயில் நிலையமாக இருந்த கட்டடம் பிற்காலத்தில் தேயிலைக் கம்பெனியின் அலுவலகமாயிற்று. மழையும் சரிவும் இந்த மலைக்குப் புதியவை அல்ல என்பதை இங்கேயே குறித்துக்கொள்வது நல்லது. கதை அங்கே திரும்பி வரப் போகிறது.

சுற்றியிருந்த சரிவுகளெல்லாம் தேயிலைப் பச்சையாக மாறியபோது ஆனைமுடியும் எரவிகுளமும் எப்படித் தப்பின? எரவிகுளத்தின் தளமே ஏறக்குறைய 2,000 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. குளிர்காலத்தில் உறைபனி புல்லைக் கருக்கும். மழைக்காலத்தில் காற்று மரத்தையே நிமிர விடாது. அதனால்தான் அங்கே மடிப்புகளில் மட்டும் குட்டைச் சோலைகளும் மற்ற இடமெல்லாம் புல்லும் இருக்கின்றன. தோட்டக் கணக்கில் அது ஆகாத நிலம். துரைமார்கள் அதை வேட்டைக்கும் மீன்பிடிப்புக்கும் ஒதுக்கிக்கொண்டார்கள். ஓடைகளில் சீமையில் இருந்து வந்த டிரவுட் மீன் விட்டார்கள். குடில் கட்டித் தங்கினார்கள். 1928இல் வேட்டைப் பாதுகாப்புச் சங்கம் ஒன்று அமைத்தார்கள். யார் எத்தனை சுடலாம் என்று வரம்பு வைத்தார்கள். வரையாட்டைக் காப்பதற்கு அவர்களுக்கிருந்த முதல் காரணம், சுடுவதற்கு ஆடு மிஞ்ச வேண்டும் என்பதே. அன்றைய வேட்டைக்காரர்கள் செந்நாயைப் பீடை என்று கண்ட இடத்தில் சுட்டவர்கள். இருந்தாலும், அந்த வரம்பு இல்லாமற்போன மற்ற பல மலைகளில் வரையாடு அடியோடு மறைந்துவிட்டது. எரவிகுளத்தில் மிஞ்சியது.

வரம்பை எழுதியவர்கள் துரைமார்கள். காட்டில் நின்று காத்தவர்கள் முதுவர்கள். சங்கம் அவர்களைத்தான் காவலாளாக வைத்தது. திருட்டு வேட்டைக்காரன் எந்த மடிப்பில் ஏறி வருவான், ஆடு எந்தப் பாறையில் குட்டி போடும் என்று அவர்களுக்குத் தெரியும். கோடை முற்றுமுன் புல்லைப் பகுதி பகுதியாகக் கொளுத்தி, தீத்தடுப்புக் கோடு எடுத்து, ஆட்டுக்கு இளம்புல் துளிர்க்க வைத்ததும் அவர்கள்தான். ராஜமலையின் ஆடுகளுக்குத் தோட்டத்தார் உப்பு வைத்துப் பழக்கினார்கள். தலைமுறை தலைமுறையாகச் சுடப்படாமல் இருந்த ஆடுகள் மனிதனுக்கு அஞ்சுவதை மறந்தன. இன்றைக்குச் சுற்றுலாப் பயணியின் கைபேசிக்கு முன்னால் ஆடு அசையாமல் நிற்பதற்குப் பின்னால் இத்தனை பேரின் உழைப்பு இருக்கிறது.

அந்த ஆட்டின் பெயருக்கும் ஒரு பயணம் உண்டு. சங்கப் பாடல்களில் அது வருடை. மலைச்சரிவாகிய வரையில் வாழ்வதால் வரையாடு. ஆங்கிலத்தில் அதற்கு நீலகிரியின் பெயர் ஒட்டிக்கொண்டது. அதிகம் வாழ்வதோ ஆனைமுடியைச் சுற்றி. இமயத்துத் தார் ஆட்டின் உறவு என்றுதான் விலங்கியலார் நெடுங்காலம் எண்ணினார்கள். 2005இல் வெளியான மரபணு ஆய்வு, அது செம்மறி இனத்துக்கே நெருக்கம் என்று காட்டியது. இப்போது அதற்குத் தனிப் பேரினம். வயது முதிர்ந்த கிடாவின் முதுகில் சேணம் போட்டதுபோல வெளிர்சாம்பல் திட்டு படரும். 1969இல் விலங்கியலாளர் ஜார்ஜ் ஷாலர் எரவிகுளத்துக்கு வந்து இந்த ஆடுகளைக் கவனித்தார். பனிச்சிறுத்தையைத் தேடி இமயம் முழுக்க நடந்த அதே ஷாலர். மேகத்து ஆடுகள் என்ற பொருளில் தன் நூல் ஒன்றில் இவற்றுக்குத் தனி அத்தியாயம் ஒதுக்கினார். 1975இல் இ. ஆர். சி. டேவிதார் வரையாடு வாழும் மலைகளையெல்லாம் நடந்து கணக்கெடுத்தார். நீலகிரியில் வாழ்ந்த வழக்கறிஞர் அவர். வரையாட்டை மாநில விலங்காகக் கொண்ட தமிழ்நாடு, அவர் நினைவாக அக்டோபர் 7ஆம் தேதியை வரையாடு நாளாக அனுசரிக்கிறது.

இதற்கிடையில் மலையின் உடைமை கை மாறிவிட்டது. 1956இல் மொழிவாரி மாநிலங்கள் பிறப்பதற்கு முன் தேவிகுளம், பீர்மேடு வட்டங்கள் தமிழ்நாட்டோடு சேர வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழர்கள் பெரும் போராட்டம் நடத்தினார்கள். தோட்டங்களில் பெரும்பாலோர் தமிழர். ஆனால் மாநிலச் சீரமைப்பு ஆணையம் அந்த வட்டங்களைக் கேரளத்துக்கே பரிந்துரைத்தது. கன்னியாகுமரியும் செங்கோட்டையும் இந்தப் பக்கம் வந்தன. ஆனைமுடி அந்தப் பக்கம் நின்றது. அந்த வருத்தம் மூணாறுத் தமிழர் வீடுகளில் இன்னும் முழுதாக ஆறவில்லை.

1971இல் கேரள அரசு சட்டம் இயற்றிக் கண்ணன் தேவன் மலை நிலங்களை மீட்டுக்கொண்டது. கம்பெனி உச்ச நீதிமன்றம் போயிற்று; 1972இல் தோற்றது. தேயிலை நின்ற நிலமும் அதற்கு வேண்டிய நிலமுமாக ஏறக்குறைய 57,000 ஏக்கர் கம்பெனியிடம் இருக்க, மிச்சம் அரசுக்கு வந்தது. எரவிகுளம் அந்த மிச்சத்தில் இருந்தது. சட்டத்தின் நோக்கம் வேளாண்மையும் உழவர் நலனும். புல்வெளி மேய்ச்சல் பண்ணையாகவோ குடியேற்ற நிலமாகவோ பங்கு போடப்பட்டிருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. வரையாட்டுக்காகப் பேசியவர்களின் குரல் அரசின் காதில் விழுந்தது. 1975இல் எரவிகுளம்–ராஜமலை வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. 1978இல் அதுவே கேரளத்தின் முதல் தேசியப் பூங்காவாயிற்று. பரப்பு 97 சதுர கிலோமீட்டர். ஆனைமுடி அதன் தெற்கு ஓரத்தில் காவல் தெய்வம்போல நிற்கிறது.

பூங்கா ஆன பிறகு வந்த கணக்குகள் மனதுக்கு நிறைவானவை. 2025இல் கேரளமும் தமிழ்நாடும் ஒரே நேரத்தில் எடுத்த கணக்கெடுப்பில் இரு மாநிலங்களிலும் சேர்த்து 2,668 வரையாடுகள். அவற்றில் 841 எரவிகுளத்தில் மட்டும். வேறெந்த ஒரே இடத்திலும் இத்தனை இல்லை. குட்டி ஈனும் காலத்தில், பெரும்பாலும் பிப்ரவரி தொடங்கி மார்ச் முடிய, பூங்காவின் கதவைச் சாத்திவிடுகிறார்கள். மூணாறுக்கு வந்து ஏமாந்து திரும்பும் பயணிகள் முணுமுணுப்பார்கள். அந்த இரண்டு மாதத்தைத் தாய் ஆடுகளுக்கு விட்டுக்கொடுப்பது சரியே. உச்சிக்கு ஏறவும் பொதுமக்களுக்கு அனுமதி இல்லை. ராஜமலைப் பகுதி வரைக்கும்தான்.

பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டம் வேறொன்றைத் தேடி வரும். 1994, 2006, 2018 என்று நீலக்குறிஞ்சி பூத்த ஆண்டுகளில் ராஜமலைச் சரிவுகள் நீலமாகிப்போயின. முதுவர்கள் தங்கள் வயதைக் குறிஞ்சிப் பூப்பைக் கொண்டு கணக்கிட்டார்கள். ஆறு பூப்புக் கண்டவர் என்றால் முதியவர். 2018இல் பூக்கும் காலத்தில்தான் கேரளம் பெருவெள்ளத்தில் மூழ்கியது. வந்து பார்க்க வேண்டியவர்கள் வீட்டை இழந்து முகாம்களில் இருந்தார்கள்.

உச்சியில் இன்னொரு உயிர் இருக்கிறது. கட்டைவிரல் அளவுத் தவளை, தீக்கங்குபோலச் செம்மஞ்சள் நிறம், உடம்பெல்லாம் சுரப்பி முடிச்சுகள். உயிரியலாளர் எஸ். டி. பிஜுவும் அவருடைய குழுவினரும் 2010இல் அதை அறிவியலுக்கு அறிமுகப்படுத்தினார்கள். ஆனைமுடியின் உச்சிப்பகுதியில் மூன்று சதுர கிலோமீட்டருக்குள் அடங்கிய இடத்தில் வாழ்வதாக அப்போது கருதப்பட்டது. புல்தூரின் அடியில் முட்டையிடும். அதில் இருந்து தலைப்பிரட்டை வராது, நேராகக் குட்டித் தவளையே வரும். ஹாமில்டனின் பூட்ஸ் காலுக்குப் பக்கத்துப் புல்லில் அது இருந்திருக்கும். அதற்கு அறிவியல் பெயர் கிடைக்க அவர் ஏறிய பிறகு 148 ஆண்டுகள் ஆயின.

பூங்கா எல்லையை ஒட்டி, நயமக்காடு தோட்டத்தின் ஒரு பிரிவாக இருந்தது பெட்டிமுடி. மலையடியில் வரிசை வரிசையாகத் தொழிலாளர் குடியிருப்புகளான லயங்கள். குடியிருந்தவர்கள் தேயிலைத் தோட்டத் தமிழர்கள். பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறும் சுற்றுப்பக்கமும். மூன்று நான்கு தலைமுறையாக மலையில் உழைத்தும் ஒரு சென்ட் நிலம் சொந்தமாக இல்லாதவர்கள். வேலை ஓய்ந்தால் லயத்தை விட்டுக் கொடுக்க வேண்டியவர்கள். 2015 செப்டம்பரில் மூணாறு நகரத்தை நிறைத்து உட்கார்ந்து போனசுக்கும் கூலிக்கும் போராடிய பொம்பிளை ஒருமை என்ற பெண்கள் கூட்டம் இப்படிப்பட்ட லயங்களில் இருந்துதான் கிளம்பி வந்தது. பெரிய சங்கத் தலைவர்களை ஒதுக்கிவிட்டு அந்தப் பெண்கள் தாங்களே பேசினார்கள். அவர்களுடைய குரலை நாடே கேட்டது. வீடு என்ற கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

2020 ஆகஸ்ட் 6 இரவு, நாட்கணக்கில் கொட்டிய மழைக்குப் பிறகு, மேலே பூங்காப் பக்கத்து மலை பிளந்து இறங்கியது. நான்கு வரிசை லயங்கள் பாறைக்கும் சேற்றுக்கும் அடியில் போயின. மின்சாரம் இல்லை, தொலைபேசி இல்லை. செய்தி மூணாறுக்கு வரவே மறுநாள் காலையாயிற்று. பெரியவாரைத் தற்காலிகப் பாலமும் மழையில் போயிருந்ததால் மீட்பு வண்டிகள் உடனே போக முடியவில்லை. 70 பேர் இறந்தார்கள். ஒரே குடும்பத்தில் பலர். நாலைந்து உடல்கள் கிடைக்கவே இல்லை. கிடைத்தவர்களை ராஜமலையில் ஒரே இடத்தில் வரிசையாகப் புதைத்தார்கள். மஞ்சு விலகும்போது அங்கிருந்தும் ஆனையின் மத்தகம் தெரியும்.

வரையாட்டுக்குக் குட்டி ஈனும் காலம் என்று இரண்டு மாதம் மலையை மூடுகிற அக்கறை, அதே மலையின் அடியில் சரிவைப் பார்த்தபடி குடியிருந்த மனிதர்களுக்குக் காட்டப்படவில்லை. இதை ஆட்டுக்கு எதிராகச் சொல்லவில்லை. லயங்கள் கட்டப்பட்ட காலத்தில் இருந்தே அந்த இடத்தின் ஆபத்தை யாரும் அளக்கவில்லை. 1924இல் தண்டவாளத்தைத் தூக்கி எறிந்த மலைத்தொடர் இதுவே என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

பெட்டிமுடிக்கு அப்பால் காட்டுக்குள் போகும் பாதை இடமலைக்குடிக்குப் போகிறது. முதுவர்கள் மட்டுமே வாழும் பஞ்சாயத்து. 2010இல் உருவான கேரளத்தின் முதல் பழங்குடி ஊராட்சி. அரிசியும் உப்பும் மண்ணெண்ணெயும் பல காலம் தலைச்சுமையாகவே உள்ளே போயின. ஜீப் ஏற முடியாத மழைநாட்களில் யாருக்காவது நோய் முற்றினால், போர்வையையும் கம்பையும் கொண்டு தூளி கட்டி, மாற்றி மாற்றித் தோள் கொடுத்து, பெட்டிமுடி வழியாகத்தான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வருவார்கள்.